இறால் குளத்தில் புரோபயாட்டிக்: பர்மாத் தமிழ்ப் பண்ணையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

ரங்கூன், பெகு, தாட்டோன், மோல்மேன் பக்கத்துத் தமிழர்களுக்கு வயல் பழக்கம்; குளம் புதிது. கழிமுகத்தில் உப்புநீர்க் குளம் எடுத்தவர்களும், பர்மியப் பங்காளியோடு முதல் போட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விற்பவர் சொல்லும் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். குளத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

புரோபயாட்டிக் என்பது மருந்தா, உரமா?

இரண்டும் இல்லை. போதிய அளவில் கொடுக்கும்போது, பெற்றுக்கொள்ளும் உயிரினத்துக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர் அது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் தந்த வரையறை இதுதான். டப்பாவுக்குள் இருப்பது செத்திருந்தாலும், அளவு போதாவிட்டாலும் அது வெறும் தூள்.

இறாலுக்கு அதிகம் பயன்படுவது பேசில்லஸ் இனம்: சப்டிலிஸ், லைக்கெனிபார்மிஸ், பியூமிலஸ் முதலியவை. இவை வித்துகளாகச் சுருங்கிக்கொள்ளக்கூடியவை. அதனால் காய்ந்த தூளிலும் வெயில் பட்ட கிடங்கிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தயிர் வகை நுண்ணுயிரான லாக்டோபேசில்லஸுக்கு அந்த வசதி கிடையாது. ஈஸ்டும், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவும் விற்பனையில் உண்டு.

இறாலுக்குத் தடுப்பூசி போட முடியாதா? இதை ஏன் சுற்றிவளைக்க வேண்டும்?

நம் உடலைப் போல எதிர்ப்பொருளை உண்டாக்கி, ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு இறாலுக்கு இல்லை. பிறவியிலேயே உள்ள பொதுவான தற்காப்பு மட்டும்தான் உண்டு. ஆகவே கோழிக்கும் மாட்டுக்கும் போடுவது போன்ற தடுப்பூசி இங்கே எடுபடாது. நோய்க்கிருமி பெருகாத சூழலை உருவாக்குவதுதான் மிஞ்சியிருக்கும் வழி. புரோபயாட்டிக் அந்த வழியில் ஒரு துணை.

அது எப்படித்தான் வேலை செய்கிறது?

இரண்டு இடங்களில் செய்கிறது. இறாலின் குடலில் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு, நோய் தரும் விப்ரியோ வகை பாக்டீரியாக்களுக்குக் குறைவாக விட்டுவைக்கிறது. சில இனங்கள் விப்ரியோவை அடக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. அவை சுரக்கும் நொதிகளால் தீவனம் நன்றாகச் செரிக்கிறது. குளத்தின் அடியில், தின்னாத தீவனத்தையும் எச்சத்தையும் செத்த பாசியையும் சிதைக்கிறது.

சான்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன். மூன்றும் 1998இல் வெளிவந்தவை. தாய்லாந்தில் ரெங்பிபட் குழுவினர் புலி இறாலுக்கு நூறு நாள் பேசில்லஸ் கலந்த தீவனம் கொடுத்து, பிறகு பத்து நாள் விப்ரியோ ஹார்வேயிக் கிருமி கலந்த நீரில் விட்டார்கள். பேசில்லஸ் தின்றவை எல்லாம் பிழைத்தன. தின்னாதவற்றில் 26 சதவீதம்தான் மிஞ்சின. இந்தோனேசியப் பண்ணைகளைப் பார்த்த மோரியார்ட்டி, பேசில்லஸ் இட்ட பண்ணையில் 160 நாள் தாண்டியும் வளர்ப்பு நடந்தது என்றும், இடாத பண்ணைகளில் ஒளிரும் விப்ரியோவால் 80 நாளுக்கு முன்பே குளங்கள் வீணாயின என்றும் எழுதினார். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் குவேரோஸும் பாய்டும் கெளுத்திக் குளங்களில் பேசில்லஸ் இட்டுப் பார்த்தார்கள். அங்கே மீன் கூடுதலாகப் பிழைத்தது, விளைச்சலும் கூடியது. ஆனால் நீரின் தரத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: குடலுக்குள் அதன் வேலையை நம்பலாம். "அம்மோனியாவை ஒரே இரவில் இறக்கும்" என்ற விளம்பரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் குளம் முப்பது ஏக்கர். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் மதகைத் திறந்து நீரும் குஞ்சும் எடுக்கிறோம். மாதம் ஒரு கிலோ ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று நினைத்தேன். அரக்கான் பக்கத்திலும் கழிமுகத்தில் பல இடங்களிலும் இன்றும் இருப்பது இப்படிப்பட்ட பழைய முறைக் குளங்கள்தான். விற்பவர்களோ தாய்லாந்தின் சிறிய, நெருக்கமான குளத்துக்கு எழுதிய அளவை அப்படியே இங்கே சொல்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். ஓர் ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர் நீர், அதாவது 400 கோடி மில்லிலிட்டர். நல்ல தரமான தூளில் கிராமுக்கு 100 கோடி உயிர் இருக்கும். ஒரு கிலோவில் ஒரு லட்சம் கோடி. கேட்கப் பெரிய எண்தான். ஓர் ஏக்கர் குளத்தில் அதைக் கரைத்தால் மில்லிக்கு 250 உயிர் வரும். முப்பது ஏக்கரில் கரைத்தால் எட்டு. ஆய்வுத் தொட்டிகளில் பலன் தந்த அளவு பெரும்பாலும் மில்லிக்குப் பத்தாயிரம், அல்லது அதற்கு மேல். எட்டு எங்கே, பத்தாயிரம் எங்கே? அந்த எட்டும் அடுத்த பௌர்ணமி வற்றத்தில் மதகு வழியாக ஆற்றுக்குப் போய்விடும்.

அந்தப் பணத்தைக் கரை பலப்படுத்தவும், மதகில் வலை கட்டவும், வெயில் காலத்தில் அடியைக் காயப்போட்டுச் சுண்ணாம்பு இடவும் செலவழியுங்கள். புரோபயாட்டிக் உங்களுக்கும் பயன்படும், ஆனால் வேறோர் இடத்தில். குளத்தின் ஒரு மூலையில் வலையோ தொட்டியோ கட்டி, பொரிப்பகக் குஞ்சை இரண்டு மூன்று வாரம் வளர்த்துப் பிறகு குளத்தில் விடுகிறீர்களா? அந்தச் சிறிய நீரளவில் சொல்லப்பட்ட அடர்த்தியை எட்ட முடியும். குஞ்சின் குடலில் எந்தக் கிருமி முதலில் குடியேறுகிறது என்பதும் அந்த வயதில்தான் தீர்மானமாகிறது.

எங்களுடையது ஓர் ஏக்கருக்கும் குறைந்த குளம். வெனாமி (வெள்ளைக்கால் இறால்), காற்றூட்டி, வாங்கிய தீவனம். எங்களுக்கு?

உங்களுக்குத்தான் இது பொருந்தும். அப்போதும் தூளை நேரடியாகக் கொட்டுவதைவிட டிரம்மில் பெருக்கி ஊற்றுவதே கட்டுப்படியாகும். 200 லிட்டர் டிரம்மில் நன்றாகப் பெருகினால் மில்லிக்குப் பத்துக் கோடி வரை போகலாம். அந்த ஒரு டிரம் ஓர் ஏக்கர் குளத்தில் மில்லிக்கு ஐயாயிரம் சேர்க்கும். அதே அளவுக்குத் தூளாகவே வாங்கினால் இருபது கிலோ ஆகும். விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

டிரம்மில் பெருக்குவது எப்படி?

நல்ல தண்ணீரில் தொடங்குங்கள். ஓடையிலிருந்து மொண்ட உவர்நீரை அப்படியே பயன்படுத்தினால் அதிலிருக்கும் விப்ரியோவுக்குத்தான் வெல்லம் விருந்தாகும். நீங்கள் பெருக்கியது பகையாளியை. கொதிக்கவைத்து ஆறிய நீரோ, பிளீச்சிங் பவுடர் இட்டு இரண்டு நாள் காற்றடித்துக் குளோரின் முழுவதும் போன நீரோ போதும்.

200 லிட்டருக்குச் சுமார் மூன்று கிலோ வெல்லம், சலித்த தவிடு இரண்டு கிலோ, தூள் கால் கிலோ. இந்த விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை: மத்திய பர்மாவின் பனைவெல்லம் எந்தச் சந்தையிலும் கிடைக்கும், தவிடு அரிசி ஆலையிலேயே கிடைக்கும். கறுப்பு வெல்லப்பாகு தேடி அலைய வேண்டாம். தவிடு புதிதாக இருக்கட்டும். சிக்குப் பிடித்ததில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம்.

பிறகு ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை விடாமல் காற்றடிக்க வேண்டும். பேசில்லஸுக்கு ஆக்சிஜன் தேவை. மின்சாரம் நாலு மணி நேரம் வந்து எட்டு மணி நேரம் போகும் ஊரில் இதுதான் சிக்கல். காற்று நின்றால் டிரம் புளித்து வேறு நுண்ணுயிர்கள் ஆட்சிக்கு வரும். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றடிப்பானை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைப்பதே போதும். சமையல் சோடா சிறிது சேர்த்தால் புளிப்பு அடங்கும். முடிந்ததும் மோந்து பாருங்கள். ஊறிய மாவின் மணமோ லேசான இனிப்பு மணமோ இருந்தால் சரி. அழுகிய முட்டை நாற்றமோ சாக்கடை நாற்றமோ வந்தால் குளத்துக்குத் தூரமாகக் கொட்டிவிடுங்கள். போட்ட வெல்லத்தை நினைத்து மனம் கேட்காது, கேட்காவிட்டாலும் கொட்டுங்கள்.

மிச்சத்தைப் பத்திரப்படுத்தி, அதையே அடுத்த டிரம்முக்கு உறையாக ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு அதில் என்ன வளர்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் புதுத் தூள்.

குளத்தில் எந்த நேரத்தில் ஊற்றுவது?

காலை ஒன்பது, பத்து மணிக்கு, வெயில் ஏறி ஆக்சிஜன் கூடும்போது, காற்றூட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது. இந்த நுண்ணுயிர்களும் ஆக்சிஜன் தின்பவை. வெல்லமும் சேர்ந்தால் இன்னும் தின்னும். மாலையில் ஊற்றிவிட்டுத் தூங்கப் போனால் விடியலில் இறால் மேலே வந்து வாய் பிளக்கும். டீசல் இல்லாத வாரத்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகும் குளத்துக்கு வேண்டியது காற்று. புரோபயாட்டிக் அதற்குப் பிறகுதான்.

தீவனத்தில் கலக்கும் அளவு?

எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை. நம் பர்மிய எடைக் கணக்கில் சுலபம்: நூறு கியாத்தா ஒரு வீசை. ஆகவே ஒரு வீசைத் தீவனத்துக்கு அரைக் கியாத்தா முதல் ஒரு கியாத்தா தூள். சிறிது நீரில் கரைத்துத் தீவனத்தில் தெளித்துப் பிசிறி, அதன்மேல் மீன் எண்ணெயோ முட்டை வெள்ளையோ பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். பூச்சு இல்லாவிட்டால் இறால் கடிக்கும் முன்பே தூள் நீரில் கரைந்துபோகும். வெயிலில் காயவைக்க வேண்டாம். நாளுக்கு ஒரு வேளைத் தீவனத்தில் கலந்தால் போதும், ஆனால் நாள்தோறும் கலக்க வேண்டும். இந்த விருந்தாளிகளில் பெரும்பாலானவை இறாலின் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. நிறுத்தினால் சில நாளில் குறைந்துவிடும்.

கையில் பணம் குறைவு, நீரா தீவனமா என்று கேட்டால், யோசிக்காமல் தீவனம் என்பேன்.

வீட்டுத் தயிரை ஊற்றலாமா?

பலர் கேட்டுவிட்டார்கள். தயிரில் உள்ளவை பாலுக்குப் பழகியவை. உவர்நீர்க் குளம் அவற்றுக்கு வீடு அல்ல. தயிரின் கொழுப்பும் புரதமும் குளத்தை இன்னும் அழுக்காக்கும். தயிரைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெண்புள்ளி நோய் வந்துவிட்டது. எவ்வளவு போட வேண்டும்?

எவ்வளவு போட்டாலும் நிற்காது. அது வைரஸ். ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்து மூன்று முதல் பத்து நாளில் குளம் முழுவதும் போகலாம். விற்கும் அளவில் இருந்தால் உடனே பிடித்துவிடுங்கள். இல்லையென்றால் நீரை வெளியே விடாமல் குளோரின் இட்டு, செத்ததைப் புதையுங்கள். மதகைத் திறந்து விட்டால் அதே ஓடையில் நீர் எடுக்கும் பக்கத்துக் குளத்துக்கு நோயை அனுப்புகிறீர்கள். அந்தக் குளமும் பெரும்பாலும் சொந்தக்காரருடையதாகத்தான் இருக்கும்.

குஞ்சு விட்டு ஒரு மாதத்துக்குள்ளேயே சாகிறது. இஎம்எஸ் (இளம் வயதுச் சாவு நோய்) என்கிறார்கள்.

அந்த நோய் 2009இல் சீனாவில் தொடங்கி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவியது. காரணம் ஒருவகை விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்று 2013இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு கண்டுபிடித்தது. அந்தக் கிருமி உண்டாக்கும் நஞ்சு இறாலின் கல்லீரல் கணையத்தைச் சிதைக்கிறது. குஞ்சை வெட்டிப் பார்த்தால் அந்த உறுப்பு வெளுத்துச் சுருங்கியிருக்கும். குடல் காலியாக இருக்கும்.

கிருமி பாக்டீரியா என்பதால் இங்கே புரோபயாட்டிக்குக்கு வேலை உண்டு. ஆனால் நோய் வந்த பிறகு அல்ல. குஞ்சு விடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரில் நல்ல நுண்ணுயிரை ஏற்றி வைக்க வேண்டும். குளோரின் போட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட்டு அப்படியே குஞ்சு விடுவது ஆபத்து. காலியான நீரில் முதலில் வேகமாகப் பெருகுவது விப்ரியோதான். பிளீச்சிங் போட்டவர் அதற்குப் பிறகு நல்லதை விதைக்கவும் வேண்டும். குஞ்சை வாங்கும்போதே சோதித்த குஞ்சா என்று கேளுங்கள்.

இரவில் குளம் பச்சை நீலமாக மின்னினால் பல நேரம் அது ஒளிரும் விப்ரியோ. பார்க்க அழகு; இறாலுக்கு எமன். சில பாசிகளும் மின்னும் என்பதால், தீவனத் தட்டில் மிச்சம் எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

இறால் சாகவில்லை, வளரவும் இல்லை. ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக இருக்கிறது.

இஎச்பியாக இருக்கலாம். 2009இல் தாய்லாந்துப் புலி இறாலில் பெயரிடப்பட்ட நுண்ணொட்டுண்ணி அது. அதன் வித்து குளத்து மண்ணில் கிடக்கும். புரோபயாட்டிக் அதைக் கொல்லாது. குளத்தைக் காயவைத்து, ஹெக்டேருக்கு ஆறு டன், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை டன் சுட்ட சுண்ணாம்பை மண்ணோடு உழுது, நீர் தெளித்து, மண்ணின் பிஎச் 12க்கு ஏறும்படி செய்வதுதான் பரிந்துரைக்கப்படும் வழி. பிறகு காயவிட வேண்டும். செலவு அதிகம்தான்.

ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

ஒரு கையால் விதைத்து மறு கையால் களைக்கொல்லி அடிப்பது போன்றது. அயோடின், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற கிருமிநாசினிகளோடும் சேராது. போட்ட சில நாள் கழித்தே நுண்ணுயிர் ஊற்ற வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் சந்தை. குளோராம்பெனிக்காலும் நைட்ரோபியூரானும் உணவு விலங்குகளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. 2002இல் மியான்மர் இறாலைக் குளோராம்பெனிக்காலுக்காகக் கட்டாயமாகச் சோதிக்கும் நடவடிக்கையை அது எடுத்தது. ஒருவர் குளத்தில் போட்டது ஒரு நாட்டின் ஏற்றுமதியையே தட்டும். பெயர் எழுதாத "இறால் மருந்து" பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

மழைக்காலத்தில் என்ன மாற்ற வேண்டும்?

மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. மோல்மேனில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். உவர்ப்பு சரியும், காரத்தன்மை கரையும். அலையாத்திக் காட்டை வெட்டி எடுத்த குளங்களில் இன்னொரு தொல்லை: கரை மண்ணில் உள்ள கந்தகச் சேர்மம் காற்றுப் பட்டு அமிலமாகி மழையோடு குளத்தில் இறங்கும். அமிலத்தைப் புரோபயாட்டிக் முறிக்காது. முதலில் கரையில் சுண்ணாம்பு தூவுங்கள், காரத்தன்மையை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வையுங்கள். அம்மோனியாவை மாற்றும் நைட்ரோசோமோனாஸ் வகை நுண்ணுயிருக்கும் காரத்தன்மைதான் முதல் தேவை. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை மாற்ற ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். கனமழை அன்று நீரில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, தீவனத்தையும் குறையுங்கள்.

டப்பாவில் தாய் எழுத்து. எதைப் பார்த்து வாங்குவது?

தாய்லாந்து எல்லை ஊரான மியாவடி வழியாக வரும் சரக்கில் பாதிக்கு மேல் நம்மால் படிக்க முடியாததுதான். கைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். இனத்தின் முழுப்பெயர், கிராமுக்கு எத்தனை உயிர், தயாரித்த தேதி, காலாவதி, தொகுதி எண்: இவை இருக்க வேண்டும். "பல்வகை நல்ல நுண்ணுயிர்கள்" என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பேசில்லஸ் இனத்திலேயே சீரியஸ் (cereus) என்ற வகையில் நஞ்சு உண்டாக்குபவை உண்டு. பெயர் தெரியாமல் வாங்குவது அதனால்தான் ஆபத்து. பத்துப் பன்னிரண்டு இனம் கலந்தது என்பதும் பெருமை அல்ல. ஒன்றையொன்று அடக்கும் இனங்களும் அதில் இருக்கலாம்.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது?

எல்லாக் குளத்திலும் போட்டால் அறியவே முடியாது. அதே குஞ்சு, அதே தீவனம், ஒன்றில் போடுங்கள், ஒன்றில் போடாதீர்கள். பிடிப்பின்போது பிழைத்த விகிதத்தையும், ஒரு வீசை இறாலுக்கு எத்தனை வீசைத் தீவனம் போனது என்பதையும் ஒப்பிடுங்கள். ஒரு குளத்தை ஒதுக்க மனம் வராதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆண்டுதோறும் விற்பவரின் சொல்லை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள். ஆய்வகம் பக்கத்தில் இருந்தால், விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் தட்டில் நீரையும் இறாலின் குடலையும் வாரம் ஒருமுறை சோதிக்கலாம். மஞ்சள், பச்சை என்று இரு நிறத்தில் விப்ரியோ வளரும், பாராஹீமோலிட்டிக்கஸ் பச்சை. பச்சை வாரத்துக்கு வாரம் ஏறினால் கவனம்.

ஆற்று இறாலுக்கும் இது உதவுமா?

நன்னீரில் வளரும் பெரிய நீலக்கால் இறாலுக்கும் பேசில்லஸ், லாக்டோபேசில்லஸ் கலந்த தீவனம் பலன் தந்திருக்கிறது. அளவும் முறையும் மேலே சொன்னவைதான். வாங்கும்போது இனம் நன்னீருக்கும் ஏற்றதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த பொட்டலத்தை ஈரம் புகாமல் கட்டி, ஏப்ரல் வெயிலில் தகரக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.